நாங்களும் தமிழ் ஆளுங்கதான், குறைச்சுக்கம்மா

எங்கள் ஓய்வூதியர் குழுவில் பதினெட்டுப் பேர். சராசரி வயது எழுபத்திரண்டு. மூட்டுவலி இல்லாதவர்கள் இரண்டு பேர். வருஷம் ஒரு தடவை எங்காவது கூட்டமாகப் போய் வருவது வழக்கம். இந்த முறை இலங்கை என்று முடிவாகியிருக்கிறது. நானும் என் மனைவியும் 2024 பிப்ரவரியில் அங்கே எட்டு நாள் கார் எடுத்துச் சுற்றிவிட்டு வந்தவர்கள் என்பதால், "சார், போன இடத்தையெல்லாம் வரிசையா எழுதிக் குடுங்க. போட்டோ எங்க நல்லா விழும்னும் குறிச்சிருங்க" என்று பொறுப்பை என் தலையில் கட்டினார்கள்.

எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு ஒருவர் போனில் கத்தினார். "டூர் பட்டியல் கேட்டா கருமாதிப் பட்டியல் குடுத்திருக்கீரே!" குழுவில் இன்னும் நாலு பேர் முகம் சுளித்ததாகக் கேள்வி. போனில் பதில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தீவு அழகில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். மதுரையில் விமானம் ஏறினால் பேப்பர் படித்து முடிப்பதற்குள் கொழும்பு. அந்தச் சமயம் இந்தியர்களுக்கு விசாக் கட்டணமும் கிடையாது. பேராதனைத் தோட்டத்து மூங்கில், கண்டி ஏரி, ரம்பொடை அருவி, நுவரெலியாவில் பகல் பதினொரு மணிக்கும் விலகாத மூடுபனி, எல்ல பக்கத்தில் ஒன்பது வளைவு வைத்த ரயில் பாலம். பாளையம்பட்டியில் பச்சை என்று கண்ணில் படுவது சீமைக்கருவேலம் ஒன்றுதான். கரிசல் வெடித்து வாய் பிளந்து கிடக்கும் பூமியிலிருந்து போனவன் அந்த மலையைப் பார்த்தால் பேச்சு வராது. எனக்கும் வரவில்லை. நுவரெலியாவில் ஒரு மணி நேரம் நான் வாயே திறக்கவில்லை என்பதை என் மனைவி இன்றைக்கும் அதிசயமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வாய் திறந்தது மறுநாள். திறக்காமலே இருந்திருக்கலாம்.

சாலை ஓரத்தில் வண்டிகளை நிறுத்திப் படம் எடுக்கும் இடம் ஒன்று. கீழே சரிவு முழுக்கத் தேயிலை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கூடையோடு நின்றிருந்தார். கூடையை நாம் முதுகில் போட்டு, அதன் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, கொழுந்து பறிப்பதுபோல் நின்றால் படம் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஆயிரம் ரூபாய் கேட்டார். அவர்கள் ரூபாய், நம் கணக்கில் முந்நூறுக்குள். என் மனைவிக்கு ஆசை. எனக்கோ முப்பத்தைந்து வருஷம் அரசாங்கக் கோப்பில் செலவினத்தைக் குறைத்துக் குறைத்து எழுதிய கை. பேரம் பேசினேன். எப்படிப் பேசினேன் என்பதுதான் விஷயம். "நாங்களும் தமிழ் ஆளுங்கதான், குறைச்சுக்கம்மா" என்றேன்.

அந்த அம்மாள் ஒரு கணம் என்னைப் பார்த்தார். ஐந்நூறுக்குச் சம்மதித்தார். படம் நன்றாக வந்தது.

எங்கள் டிரைவர் காரின் மேல் சாய்ந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வயதுப் பையன், தோட்டத்துப் பிள்ளை, கொழும்பில் வண்டி ஓட்டுகிறார். ஒன்றும் சொல்லவில்லை. வண்டி கிளம்பிப் பத்து நிமிஷம் கழித்து, "ஐயா, எங்க வீடு இங்கருந்து இருபது நிமிசம் மேல போவணும். அம்மா இருப்பாங்க. ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவமா?" என்றார். மூன்று மணிக்குள் எல்ல போய் அறை எடுக்க வேண்டும், இன்னொரு தடவை பார்க்கலாம் தம்பி என்றேன். சரிங்க ஐயா என்றார். அத்தோடு முடிந்தது. அறையில் போய் மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை நான் தூங்கினேன்.

நண்பர்களே, என் பட்டியலில் 'படம் எடுக்கும் இடம்' என்று எதையும் குறிக்காமல் விட்டதற்கு இதுதான் காரணம். கோபப்படுவதற்கு முன் மேலே படியுங்கள்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இதைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். (மாமனார் ஊரில் வீடு பார்க்க ஆள் இல்லாததால் கரிசக்காட்டுக்கு வந்து சேர்ந்தவன் என்பதும் தெரியும்.) பிரெஞ்சில் இயற்கைக் காட்சிக்கு 'பெயிஸாஜ்' என்று ஒரு சொல். அதற்குள் 'பெயி' இருக்கிறது, அதாவது நாடு, ஊர். 'பெயிஸான்' என்றால் குடியானவன். மூன்றும் ஒரே வேர். எங்கள் வாத்தியார் இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டபோது நாங்கள் 'பேய்' என்று சிரித்தோம். அது மட்டும்தான் எங்களுக்கு ஏறியது. அதே வகுப்பில் 'போல் எ விர்ழினி' என்று ஒரு கதை படித்தோம். 1788-ல் வந்தது. இன்றைய மொரீஷியஸ் தீவில் நடப்பது. மலை, அருவி, கடல், இரண்டு வெள்ளைக் குழந்தைகள். நடுவில் முதலாளியின் அடி பொறுக்காமல் ஓடி வரும் ஒரு அடிமைப் பெண்ணும் உண்டு. குழந்தைகள் இரக்கப்பட்டு, மன்னிப்பு வாங்கித் தருகிறோம் என்று அவளைத் திரும்ப முதலாளியிடமே கொண்டுபோய் விடுகிறார்கள். பிறகு அவளுக்கு என்ன ஆகிறது என்பது கதையில் இருக்கத்தான் செய்கிறது. எங்களுக்குப் பரீட்சையில் வந்த கேள்வியோ தீவின் இயற்கை வருணனையைப் பற்றி. நான் நல்ல மார்க் வாங்கினேன். எங்கள் காரைக்கால் துறையிலிருந்தே ரியூனியனுக்கும் மர்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கரும்பு வெட்ட ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் கப்பலாக ஏற்றியிருக்கிறார்கள். அந்தத் தகவலை ஒரு வாத்தியாரும் சொன்னதில்லை. நடு வயதில் நானாகத் தெரிந்துகொண்டேன்.

பிரெஞ்சை விடுங்கள். நம் தமிழில் ஆளில்லாத நிலமே கிடையாதே! தொல்காப்பியக்காரர் திணை என்று சொல்லும்போது மலையும் மழையும் மட்டுமா சொல்கிறார்? கருப்பொருள் என்று அந்த நிலத்துத் தெய்வம், உணவு, பறை, தொழில் என்று அடுக்கி அங்கே இருப்பவரையும் அவர் பாட்டையும் கூடவே வைக்கிறார். குறிஞ்சி என்றால் குன்று மட்டுமில்லை, குன்றில் இருப்பவரும்தான். அந்தக் கணக்கில் பார்த்தால் நுவரெலியாவில் நாம் எடுத்து வந்த படங்களில் பாதித் திணை காணாமல் போயிருக்கிறது.

அந்தப் பச்சைக் கம்பளம் தானாக விரிந்ததும் இல்லை. தேயிலை இயல்பில் மரம். விட்டால் வீட்டு உயரத்துக்கு மேல் போகும். இடுப்பளவில் மேசை மாதிரி நிற்கிறதென்றால், சில வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு ஆள் கத்தியோடு குனிந்து ஒவ்வொரு தூரையும் வெட்டியிருக்கிறான் என்று அர்த்தம். கவ்வாத்து என்பார்கள். தேயிலைக்கு முன் அங்கே காப்பி இருந்தது, காப்பிக்கு முன் காடு. காட்டை அழித்தவர், 1869-ல் துருநோய் கண்டு காப்பி சாகிறவரை அதைப் பறித்தவர், அதன் பிறகு தேயிலை வைத்தவர் எல்லாரும் எங்கிருந்து போனவர்கள்? திருச்சி, சேலம், மதுரை, திருநெல்வேலி, புதுக்கோட்டை. அப்புறம் நம்ம ராமநாதபுரத்துச் சீமை.

நம்ம சீமையை நான் சும்மா சேர்க்கவில்லை. எங்கள் மாமனார் வீட்டு இரும்புப் பெட்டியில் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கிறது. ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட முத்திரைத்தாள். எழுத்தர் புத்தி, பழைய தாளைக் கண்டால் படிக்காமல் விட முடியாது. மூன்று சகோதரர்கள். பாகம் பிரித்துக்கொண்டவர்கள் இரண்டு பேர். மூன்றாமவரைப் பற்றி ஒரே வரி. அவர் கண்டிக்குப் போய் வெகுகாலமாய்த் தகவல் இல்லாதபடியால் அவர் பங்கையும் இவ்விருவரும் சமமாக அனுபவித்து வர வேண்டியது என்று இருக்கிறது. அவர் பெயரை எழுதி அதன் மேல் மை கொட்டியிருக்கிறது, படிக்க முடியவில்லை. அதாவது நான் இப்போது உட்கார்ந்து இதை எழுதுகிற திண்ணையில் அவர் பங்கும் உண்டு. என் மனைவிக்கு அவர் கொள்ளுத் தாத்தா முறை. இந்தப் பத்திரத்தை இருபது வருஷத்துக்கு முன்பே படித்திருக்கிறேன். படித்து, மடித்து, உள்ளே வைத்து, மாட்டியிருந்த பூட்டை இழுத்தும் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் இலங்கை போய்க் கூடைக்குப் பேரம் பேசினேன்.

தாது வருஷத்துப் பஞ்சத்தில் (1876-78) இந்தப் பக்கத்து ஊர்களில் எத்தனை வீடு பூட்டிக் கிடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கண்மாய் வற்றினால் கங்காணி வருவான். முன்பணம் கொடுப்பான். வழிச் செலவு, அரிசி, கம்பளி எல்லாம் ஆள் பேரில் கடனாக ஏறும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். கடன் தொகை எழுதிய சீட்டு அது. அந்தக் கடனைத் தீர்ப்பவனுக்கு ஆள் சொந்தம். 1921-ல்தான் அதை ஒழித்தார்கள். காலமெல்லாம் சீட்டு எழுதிப் பிழைத்தவன் நான். ஒரு மனுஷனைக் கடனோடு சேர்த்து மடித்துப் பையில் வைக்கிற சீட்டு என் சர்வீஸில் பார்த்ததில்லை.

இனி ராமாயணம். நம் ஆட்கள் போகிற எல்லா டூரிலும் இது உண்டு. எங்களுடையதிலும் இருந்தது. சீதா எலியவில் அம்மன் கோயில், பக்கத்து ஓடைப் பாறையில் அனுமன் பாதம். நாங்கள் கும்பிட்டோம். திரும்பப் போனாலும் கும்பிடுவேன், என் பக்தியில் சந்தேகம் வேண்டாம். என் கேள்வி வேறு. யுகத்துக்கு முந்திய கால்தடத்தைக் காட்ட பஸ் பஸ்ஸாக ஆள் கூட்டிப் போகிறோமே, நம் கொள்ளுத் தாத்தன் நடந்த தடத்தைக் காட்டு என்று ஒருத்தனாவது கேட்டோமா? அது பாறையில் பதிந்த தடமில்லை, சாலை. இன்றைக்கும் இருக்கிறது. தார் போட்டிருக்கிறார்கள்.

அந்தச் சாலையில் நாங்கள் போனது தற்செயல். மன்னார் பக்கத்தில் திருக்கேதீச்சரம், பாடல் பெற்ற தலம். என் மனைவிக்கு அதைப் பார்க்காமல் ஊர் திரும்ப முடியாது. மலையை விட்டு இறங்கி, அநுராதபுரத்தில் ஒரு ராத்திரி தங்கி, காலையில் போய்க் கும்பிட்டோம். அடுத்து மாத்தளை முத்துமாரியம்மன். மன்னாரிலிருந்து முருங்கன், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை. ஏசி போட்டுக்கொண்டு, மதவாச்சி தாண்டி ஒரு கடையில் சாப்பிட்டு, அரைத்தூக்கத்தில் வந்துகொண்டிருந்தோம். டிரைவர் அன்றைக்குத்தான் தானாகப் பேசினார்.

"இந்த ரோட்லதான் ஐயா எங்காளுங்க நடந்து வந்தது. அந்தக் காலத்துல."

தனுஷ்கோடியிலிருந்து கப்பலும் ரயிலும் 1914-ல்தான் வந்தன. அதற்கு முன் தோணியில் மன்னார்க் கரை இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடை. இருநூறு கிலோமீட்டருக்கு மேல். தண்ணீர் இல்லாத காடு. காய்ச்சல், காலரா, யானை. நடக்க முடியாதவரை வழியில் விட்டுவிட்டுப் போனார்கள். மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு ஆனதை ஒட்டி 2023-ல் அதே வழியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவர்கள் திரும்ப நடந்தார்கள். ஜூலைக் கடைசியில் கிளம்பி ஆகஸ்ட் நடுவில் போய்ச் சேர்ந்தார்கள். கடைசி மூன்று நாள் நம் டிரைவர் தம்பியும் லீவு போட்டு நடந்திருக்கிறார். "தம்புள்ளைல கால் வெடிச்சிருச்சு ஐயா. செருப்பு போட்டே வெடிச்சிருச்சு. அவங்க எங்க செருப்பு போட்டாங்க."

என் மனைவி சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் மனதில் பத்திரத்து ஆள் வந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். "தம்பி, உங்க பூர்வீகம் எந்த ஊரு? அருப்புக்கோட்டைப் பக்கமா, திருச்சுழியா?" என்றாள். அவ்வளவு ஆசை அந்தக் குரலில்.

"தொறையூருன்னு தாத்தா சொல்லுவாங்க அம்மா. இந்தியாவுல தொறையூருன்னு ஊர் இருக்குதா?"

இருக்கிறது என்றேன். திருச்சிக்குப் பக்கம். என் மனைவிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கதையாக இருந்தால் அவர் எங்கள் வீட்டுப் பிள்ளையாகவே இருந்திருப்பார். நான் சொல்வது நடந்தது. ஐந்து மணி நேரத்தில் மாத்தளை வந்து சேர்ந்தோம். கோபுரத்துக்குக் கீழே நின்று என் மனைவி வெகுநேரம் உள்ளே போகவில்லை.

இப்போது மேடைப் பேச்சாளர்களுக்கு ஒரு வார்த்தை. தொப்புள்கொடி உறவு, தொப்புள்கொடி உறவு என்று நாற்பது வருஷமாகக் கேட்கிறேன். போரில் மடிந்தவர்களுக்காக அழுதது நியாயம். நானும் அழுதிருக்கிறேன். ஆனால் நேர்க்கணக்கில் பார்த்தால், நம் ஊர்த் தெருவிலிருந்து போனவன், நம் பத்திரத்தில் பெயர் உள்ளவன், அவன் மலையில் இருக்கிறான். 1948-ல் சுதந்திரம் வாங்கிய கையோடு அந்த நாடு குடியுரிமைச் சட்டம் போட்டு ஏழு லட்சம் பேரை நாடற்றவர் ஆக்கியது. மறு வருஷம் ஓட்டும் போயிற்று. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974-ல் அந்த மிச்சத்தை ஆளுக்கு 75,000 என்று பாதி பாதி. கூட்டிப் பார்த்தேன், 9,75,000. கணக்கு நேராக இருக்கிறது. ஆயிரத்துக்குக் கீழே ஒரு தலை உதிரி இல்லை. ஆட்டுக் கிடையைப் பங்கு போட்டால்கூடக் குட்டி ஒன்றிரண்டு உபரி நிற்கும். உனக்கு எங்கே இருக்கப் பிரியம் என்று இரண்டு பிரதமர்களில் ஒருவரும் அவர்களை முன்னால் கேட்கவில்லை. அங்கேயே நின்றுவிட்டவர்களில் கடைசி ஆளுக்குக் குடியுரிமை கிடைக்க 2003 ஆயிற்று.

இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர்கள் என்ன ஆனார்கள்? அதைத் தெரிந்துகொள்ள விமானம் ஏற வேண்டாம். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு அம்மாள். 1972-ல் பதினெட்டு வயதில் கப்பலில் ராமேசுவரம் வந்து இறங்கியவர். அங்கே இருந்தவரை 'தோட்டக்காட்டான், கள்ளத்தோணி'. இங்கே வந்தால் 'சிலோன்காரி'. நூற்பாலையில் முப்பது வருஷம். இன்னும் 'சிலோன்காரி வீடு' என்றால்தான் தபால்காரருக்கு அடையாளம். ஊர் திரும்பிய வாரம் என் மனைவி அவரிடம் போனைக் கொண்டுபோய், "அக்கா, உங்க ஊர்ப் படமெல்லாம் பாருங்க" என்று காட்டினாள். நானும் கூட இருந்தேன். நாங்கள் வாயடைத்து நின்ற மலையைப் பார்த்து அவர் அழகு என்று ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "இது கவ்வாத்து வெட்டி ரெண்டு வருசம் ஆன மல." அடுத்த படம். "இங்க அட்டை கடிக்கும். மழை பெஞ்சா இந்த எறக்கத்துல நிக்க முடியாது." அடுத்தது. "புல்லு வெட்டாம விட்டிருக்கானுங்க. கொழுந்து எடை தேறாது, அரைப்பேர்தான் போடுவான்." குறித்த எடைக்குப் பறிக்காவிட்டால் பாதிச் சம்பளம். அதற்குப் பெயர் அரைப்பேர்.

கூடைப் படம் வந்தது. என் மனைவி அவசரமாகத் தள்ளப் பார்த்தாள். அவர் விடவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, "கயிறு நெத்தியில மாட்டிருக்க தாயி. உச்சந்தலையில கொங்காணி போட்டு அது மேல மாட்டணும். இல்லேன்னா சாயங்காலம் தல திரும்பாது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். காப்பி கொடுத்தார்.

அந்தக் கூடைக்கார அம்மாள் கேட்ட ஆயிரம் ரூபாய்க்கு வருகிறேன். 2021-ல் போராடிப் பெற்ற அவர்களது நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய். நாங்கள் போனபோதும் அதுதான். ஒரு நாள் கூலியைக் கேட்டார். நான் அதை அரைப்பேராக்கினேன். அதற்குத் தமிழைப் பயன்படுத்தினேன்.

"வயசான காலத்தில் நாலு இடம் பார்க்கப் போனால் அதற்கும் பாவக் கணக்கா?" என்று குழுவில் ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். இல்லை, போங்கள். சர்வீஸில் இருந்தபோது எல்.டி.சி. எடுத்து ஒரு தடவைகூடப் போகாதவர் நீங்கள். கட்டாயம் போங்கள். "நாம் போனால்தானே அவர்களுக்குப் பிழைப்பு?" என்கிறார் இன்னொருவர். 2022-ல் அந்த நாடு திவாலாகி நின்றதைப் பார்த்த பிறகு இதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் எங்கள் எட்டு நாள் செலவை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஹோட்டல், கார் கம்பெனி, நுழைவுச் சீட்டு, தேயிலைத் தொழிற்சாலைக் கடையில் டப்பா தேயிலை. மலையில் நிற்கிற கைக்கு நேராகப் போனது அந்த ஐந்நூறு மட்டும். மீதி யாருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று எந்த ஆடிட்டரும் சொல்ல முடியாது.

"இதையெல்லாம் அந்த நாட்டு அரசாங்கம் பார்க்கட்டும், நமக்கென்ன" என்பவருக்கும் பதில் இருக்கிறது. நம் பக்கத்தில் என்ன பார்த்தோம்? மொரீஷியஸும் அழகான தீவுதான், தேனிலவுக்குப் போகிறார்கள். அங்கே போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலிகள் ஏறி வந்த கருங்கல் படியை 'ஆப்ரவாசி காட்' என்று காப்பாற்றி வைத்து, 2006-ல் உலக மரபுச் சின்னமாகவே ஆக்கிவிட்டார்கள். நம் பக்கத்தில் மண்டபம் இருக்கிறது. சிலோன் தோட்டத்துக்குப் போகிறவர்களை அடைத்து வைத்து, நோய் இல்லை என்று பார்த்து, பிறகு கப்பலேற்றிய முகாம். பிற்காலத்தில் தாயகம் திரும்பியவர்களுக்கும் அகதிகளுக்கும் அதே முகாம். ரயில் நிலையத்தின் பெயரே 'மண்டபம் கேம்ப்'. ராமேசுவரத்துக்கு நாம் எத்தனை தடவை போயிருப்போம்! அந்தப் பெயர்ப்பலகை ஜன்னலில் வரும்போது பாம்பன் பாலம் வரப்போகிறது என்று போனை எடுத்துத் தயாராவோம். எந்த கேம்ப், யாருடைய கேம்ப் என்று என் பேரன் ஒரு தடவை கேட்டான். மிலிட்டரி கேம்பாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன். நான்தான் சொன்னேன்.

ஆகவே என் பட்டியல் இப்படியே இருக்கும். எல்ல பாலம் இருக்கிறது, ரம்பொடை இருக்கிறது, அனுமன் கோயிலும் இருக்கிறது, ஒன்றையும் வெட்டவில்லை. சேர்த்தது இரண்டு நாள். ஒரு நாள் மன்னாரிலிருந்து மாத்தளை வரை சாலை வழி, அதில் ஒரு மணி நேரமாவது காரை விட்டு இறங்கி நடக்க வேண்டும், மூட்டுவலிக்காரர்கள் உட்பட. இன்னொரு நாள் காலை, நம் டிரைவர் தம்பியின் வீட்டில் தேத்தண்ணி. பதினெட்டுப் பேர் வருகிறோம், சௌகரியப்படுமா என்று கேட்டேன். லயத்து வீடு பத்தடிக்குப் பன்னிரண்டடி, உள்ளே கொள்ளாது, வாசலில் நாற்காலி போடுகிறேன் என்றார். கூடைக்குக் கேட்ட காசைக் கொடுத்துவிட வேண்டும், பேரம் கிடையாது என்றும் ஒரு குறிப்பு. இதைப் பார்த்துவிட்டு மூன்று பேர் பெயரை வாபஸ் வாங்கியிருக்கிறார்கள். ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். அவருடைய தாத்தாவின் தம்பி கண்டிக்குப் போனவராம், எழுபது வயதில் இப்போதுதான் வாய் திறக்கிறார்.

டிரைவர் தம்பி போன மாதம் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். அவர் தாத்தாவின் பழைய தோட்டத்துச் சீட்டு, ஓரம் கரையான் அரித்தது. அதில் தாத்தாவின் தகப்பனார் பெயரும் கங்காணி பெயரும் தெளிவாக இருக்கின்றன. ஊர் பெயரில் கடைசி மூன்றெழுத்து மட்டும் மிச்சம், 'பட்டி'. துறையூர் தாலுகாவில் எத்தனை பட்டி இருக்கும் என்று வருவாய்த் துறையில் இருந்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வாரம் இங்கிருந்து மதுரை, திருச்சி வழியாகத் துறையூருக்குப் பஸ் ஏறுகிறேன். துறையூர், முசிறிப் பக்கம் இதைப் படிப்பவர்கள் இருந்தால், கண்டிக்குப் போய்த் திரும்பாதவர் யாராவது உங்கள் வீட்டுப் பத்திரத்தில் இருக்கிறாரா என்று பெட்டியைத் திறந்து பாருங்கள். இருந்தால் எனக்கு எழுதுங்கள்.